ரீச்சரிடம் கேளுங்கள்: துவக்கும் ‘மக்கள்’ என்ற சொல்லும்

சென்ற இதழில் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதையை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேயிலையை விட்டுவிட்டுத் துவக்கைப் பற்றியே கேட்டிருந்தன. திருகோணமலையில் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். வகுப்பிலும் இதே கேள்விகள்தான் வரும். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ரீச்சர், கனடாவில் இருக்கும் எங்கள் மாமா, “அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது ஆளாளுக்குப் பிறப்புரிமை, அரசியலமைப்பிலேயே இருக்கிறது” என்கிறார். எங்கள் சேரோ அது படைக்கு மட்டும் கொடுத்த உரிமை என்கிறார். யார் சொல்வது சரி?
— உயர்தர மாணவி, உவர்மலை

பதில்: முதலில் வாக்கியத்தைப் பார்ப்போம், பிள்ளை. மாமா சொல்லும் அந்த இடம் அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம். அது ஆங்கிலத்தில் 27 சொற்கள்தான். தமிழில் நான் இப்படிச் சொல்வேன்: “நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியமாகையால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது.”

இதில் ‘ஆகையால்’ என்று நான் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த இடம் அவ்வளவு இறுக்கமாக இல்லை. காரணம் சொல்வதாகவும் கொள்ளலாம், முன்னுரை போலவும் கொள்ளலாம். தமிழில் எழுதினால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஒரு தடவை இதை மொழிபெயர்த்துப் பார். உன் மாமாவும் சேரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். மாமா பிற்பாதியை மட்டும் வாசிக்கிறார். சேர் முற்பாதியோடு நின்றுவிடுகிறார்.

குடிப்படை என்றால் சம்பளத்துக்கு வேலை செய்யும் இராணுவம் அல்ல. ஊரில் உள்ள கமக்காரன், கொல்லன், கடைக்காரன் எல்லோரும் வருடத்தில் சில நாட்கள் மைதானத்தில் கூடிப் பயிற்சி எடுத்து, ஆபத்து வந்தால் தங்கள் துவக்கோடு ஓடி வருவது. துவக்கு அவரவர் வீட்டில் இருக்கும். அவரவர் காசில் வாங்கியது. அதே துவக்கால் திங்கட்கிழமை மான் சுடுவான், கூப்பிட்டால் செவ்வாய்க்கிழமை படைக்கு வருவான். வராவிட்டால் தண்டப்பணம். அது அவனுடைய உரிமையாகவும் இருந்தது, அவனுடைய கடமையாகவும் இருந்தது. தனிமனித உரிமையா, கூட்டு உரிமையா என்று நாம் இன்று கோடு கிழிக்கிற மாதிரி அன்றைய ஆட்கள் கிழித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உரிமை வானத்திலிருந்து விழவுமில்லை. இங்கிலாந்தில் கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸ் புரட்டஸ்தாந்துகளின் ஆயுதங்களைப் பறித்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் நாட்டை விட்டு ஓடிய பிறகு, 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது: புரட்டஸ்தாந்துக் குடிகள் தங்கள் நிலைமைக்கு ஏற்றபடி, சட்டம் அனுமதிக்கும் அளவில், தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம். மூன்று நிபந்தனை இருக்கிறது பார்: மதம், தகுதி, சட்டம். குடியேற்ற நாடுகளுக்குப் போனவர்கள் இதைக் கையோடு கொண்டு போனார்கள்.

சுதந்திரம் அறிவித்ததும் ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்கு எழுதியது. 1776இல் பென்சில்வேனியா “தங்களையும் அரசையும் காக்க” என்று எழுதியது. 1780இல் மசாசுசெட்ஸ் “பொதுப் பாதுகாப்புக்காக” என்றது. நான்கே வருட இடைவெளியில் இரண்டு விதம். மாமாவுக்கு ஒரு மாநிலம் சாட்சி, சேருக்கு இன்னொரு மாநிலம் சாட்சி.

1787இல் புதிய அரசியலமைப்பு குடிப்படையை ஒழுங்கமைக்கும், ஆயுதம் தரிப்பிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குக் கொடுத்தது. நிரந்தர இராணுவம் வைத்திருக்கும் அதிகாரமும் அதற்கே. பலர் பயந்துபோனார்கள். 1768 முதல் பொஸ்டன் தெருவில் பட்டாளம் நின்றதையும், 1770 மார்ச் 5ஆம் திகதி அந்தப் பட்டாளம் சுட்டு ஐந்து பேர் செத்ததையும் மறக்காத ஆட்கள் அவர்கள். மத்திய அரசு குடிப்படையைப் பட்டினி போட்டுவிட்டு இராணுவத்தை மட்டும் வளர்த்தால் என்ன செய்வது? அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் 1789 ஜூன் 8ஆம் திகதி காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மடிசன் திருத்தங்களை முன்வைத்தார். அவருடைய வரைவில் மக்களின் உரிமை முதலில் வரும், குடிப்படை பின்னால் வரும். அதற்கும் பின்னால், மதக் கொள்கை காரணமாக ஆயுதம் ஏந்தாதவர்களைப் படைச் சேவைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வரி. விவாதத்தில் வரிசை மாறியது, கடைசி வரி கழன்று போனது. 1791 டிசெம்பர் 15இல் சட்டமானது.

அந்தக் கடைசி வரி கழன்று போனதில் எனக்கு உண்மையாகவே கவலை உண்டு. ஆயுதம் ஏந்தும் உரிமையோடு, ஏந்தாமல் இருக்கும் உரிமையும் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

கேள்வி: காட்டுப்பன்றி வயலை உழுதுவிட்டுப் போகிறது. ஒரு துவக்குக்கு அனுமதி எடுக்கக் கச்சேரிக்கும் பொலிஸுக்கும் எத்தனை நடை! ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்காவில் கட்டுப்பாடே இல்லையாமே?
— வயல்காரர், தம்பலகாமம்

பதில்: உங்கள் ஊரில்தான் என் அம்மப்பாவின் வயலும் இருந்தது, அண்ணை. பன்றி இறங்கிய வயலைக் காலையில் பார்க்கிற மனது எனக்குத் தெரியும்.

இங்கே போல வீட்டுத் துவக்குக்கு வருடா வருடம் லைசென்ஸ் எடுக்கும் முறை அங்கே பொதுவாக இருக்கவில்லை. அது உண்மை. ஆனால் கட்டுப்பாடே இல்லை என்பது பிழை. 1783இல் மசாசுசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது: பொஸ்டன் நகரத்துக்குள் குடியிருக்கும் வீட்டில் மருந்து கெட்டித்த துவக்கு இருக்கக்கூடாது. இருந்தால் பறிமுதல், பத்துப் பவுண் தண்டம். காரணம் நெருப்பு. பலகை வீடுகள் நெருக்கி நின்ற ஊர். தீயணைக்கப் போகிறவன் தலைமேல் ஒரு துவக்கு தானாக வெடித்தால் என்னாவது? நியூயோர்க்கில் 1784இல் ஒரு வீட்டில் 28 இறாத்தல் வெடிமருந்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றார்கள். அதையும் நான்கு கல்ஜாடியிலோ தகரப் பேணியிலோ பிரித்து வைக்க வேண்டும்.

அன்றைய மஸ்கெட் என்பது கிட்டத்தட்ட நம்முடைய இடியன் துவக்கு மாதிரித்தான். குழல் வாயால் மருந்தைப் போட்டு, ஈயக் குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி விழுந்தால் வெடிக்கும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிடத்துக்கு மூன்று வெடி வைப்பான். மழையில் மருந்து நனைந்தால் அது வெறும் தடி. அம்மப்பா மாரி காலத்தில் தன் இடியனின் வாயில் மெழுகுத்துணி கட்டி, காவற் பரணில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுப்பார். பன்றி வந்தால் ஒரே ஒரு வெடி. அது தவறினால் தகரம் தட்டிக் கத்துவதுதான் மிச்சம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அரசு துவக்கைத் தடுக்காமல் விட்டதோடு நிற்கவில்லை, வாங்கு என்றும் கட்டளையிட்டது. 1792ஆம் ஆண்டுக் குடிப்படைச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரையான, உடல்நலமுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமகன் ஒவ்வொருவனும் ஆறு மாதத்துக்குள் ஒரு நல்ல மஸ்கெட், அதன் முனையில் பூட்டும் கத்தி, உபரியாக இரண்டு சக்கிமுக்கிக் கல், 24 தோட்டாவாவது கொள்ளும் பை எல்லாம் தன் செலவில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்குக் கச்சேரி நடை என்றால் அவர்களுக்குக் கடைத்தெரு நடை.

இந்தப் பழைய விதிகளை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீட்டில் தற்காப்புக்குத் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. 2022இல் இன்னும் ஒரு படி மேலே போய், இன்றைய கட்டுப்பாடு ஒன்று செல்லுபடியாக வேண்டுமானால் நாட்டின் பழைய வழக்கத்தில் அதற்கு வேர் இருக்க வேண்டும் என்றது. 2024இல் மனைவி, துணைவிமாரை மிரட்டியதற்காகத் தடையுத்தரவு பெற்றவர்களிடமிருந்து ஆயுதத்தை விலக்கும் சட்டம் செல்லும் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. ஆகவே 1783இல் பொஸ்டன்காரன் நெருப்புக்குப் பயந்து எழுதிய விதிகளை எல்லாம் இன்றைய வழக்கறிஞர்கள் தூசி தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ‘மக்களுக்குள்ள உரிமை’ என்று பாடத்தில் வருகிறது. எல்லா மக்களுமா?
— ஆசிரியப் பயிலுநர், மூதூர்

பதில்: இந்த ஒரு வரிக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். இல்லை, எல்லா மக்களும் இல்லை.

ஆரம்பத்திலிருந்தே பாருங்கள். 1619இல் வேர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் முதல் சட்டசபை கூடியது. வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் கூடிய முதல் சபை என்று பெருமையோடு சொல்வார்கள். அந்தச் சபை போட்ட விதிகளில் ஒன்று: பூர்வகுடிகளுக்குத் துவக்கோ மருந்தோ குண்டோ விற்பவன், கொடுப்பவன் துரோகி, அவனைத் தூக்கில் போட வேண்டும். மண் யாருடையதோ அவர்கள் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பதில் பிரதிநிதிகள் தெளிவாக இருந்தார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குள்ளும் பிரிவு இருந்தது. 1637இல் பொஸ்டனில் ஆன் ஹட்சின்சன் என்ற பெண் மதகுருமாரின் போதனையை எதிர்த்துப் பேசினார். அவர் பேச்சைக் கேட்க ஆண்களும் கூடினார்கள். அரசு அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது, அவர் பக்கம் நின்ற ஆண்களிடமிருந்து துவக்கு, வாள், மருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது. அந்தத் தரப்புக்கு ஆதரவாக முன்பு கையெழுத்துப் போட்ட மனுவைப் பிழை என்று ஒப்புக்கொண்டால் ஆயுதத்தை வைத்திருக்கலாம். கருத்தை மாற்றினால் துவக்கு மிஞ்சும். 1756இல் வேர்ஜீனியா கத்தோலிக்கரின் ஆயுதங்களைக் களைய ஒரு சட்டம் போட்டது. விடுதலைப் போரின் நடுவே, 1777இல், பென்சில்வேனியாவில் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர்கள் ஆயுதத்தை இழந்தார்கள். மாநில அரசியலமைப்பில் அந்த அழகான வரியை எழுதி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடிமைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1739 செப்டெம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துவக்குகளை எடுத்துக்கொண்டு தெற்கே ஸ்பானிய புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அங்கே போனால் விடுதலை. அன்று பின்னேரமே குடிப்படை அவர்களைப் பிடித்துவிட்டது. வெள்ளை ஆண்கள் தேவாலயத்துக்குப் போகும்போது துவக்கோடு போக வேண்டும் என்ற சட்டம் அந்த மாகாணத்தில் அப்போதுதான் போடப்பட்டிருந்தது. தெற்கில் குடிப்படையின் வேலை எதிரியை எதிர்பார்த்து நிற்பது மட்டும் அல்ல. இரவில் அடிமைக் குடிசைகளைச் சோதனை போடுவதும் அந்த ஆட்களின் வேலைதான். ‘நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட’ என்ற சொல்லை நான் வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குடிசைக் கதவு தட்டப்படுவது நினைவுக்கு வரும்.

அப்புறம் பிரின்ஸ் எஸ்டபுரூக். 1775 ஏப்ரல் 19ஆம் திகதி விடியற்காலை, பொஸ்டனுக்குப் பக்கத்து ஊரான லெக்சிங்டனின் புல்வெளியில் ஆங்கிலப் பட்டாளத்துக்கு எதிரே வரிசையில் நின்ற குடிப்படையினரில் அவரும் ஒருவர். கறுப்பர், அடிமை. அன்றைய வெடியில் காயப்பட்டார். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் காலையிலேயே இரத்தம் சிந்திய மனிதர். பதினேழு வருடம் கழித்து வந்த குடிப்படைச் சட்டத்தில் ‘வெள்ளை’ என்ற சொல் இருந்ததை மேலே எழுதினேன். அவரைப் போன்ற ஒருவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

1806இல் வேர்ஜீனியாவில் சுதந்திரமான கறுப்பர்கூட அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது என்றார்கள். 1831இல் நாட் டேர்னர் என்ற அடிமை அங்கே நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு அந்த அனுமதியும் இல்லாமல் போனது. டென்னசி 1796இல் ‘சுதந்திர மனிதர்’ என்று எழுதியதை 1834இல் ‘சுதந்திர வெள்ளை மனிதர்’ என்று திருத்தியது. ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், ஒரு கூட்டத்தையே வெளியே தள்ளினார்கள். கடைசியாக 1857இல், ட்ரெட் ஸ்கொட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் பிரதம நீதியரசர் ரோஜர் டானி, கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஏற்க முடியாததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: ஏற்றால், போகும் இடமெல்லாம் ஆயுதம் வைத்திருக்கவும் கொண்டு திரியவும் அவர்களுக்கு உரிமை வந்துவிடுமே! கவனியுங்கள். இந்த உரிமை குடிமகனுக்குச் சொந்தம் என்பதை அவர் மறுக்கவில்லை. அதனால்தான் குடியுரிமையையே மறுத்தார்.

உங்கள் மாணவர்களுக்கு இந்தத் திருத்தத்தைப் படிப்பிக்கும்போது ‘துவக்கு’ என்ற சொல்லில் பத்து நிமிடம் நில்லுங்கள். ‘மக்கள்’ என்ற சொல்லில் ஒரு பாடவேளை நில்லுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் போருக்கும் எங்கள் கோட்டைக்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். நம்பலாமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: நம்பலாம், தங்கச்சி. ஒல்லாந்தர் அமெரிக்கக் கிளர்ச்சிக்காரர்களோடு வியாபாரம் செய்ததால் இங்கிலாந்து 1780 டிசெம்பரில் அவர்கள்மீது போர் தொடுத்தது. திருகோணமலை அப்போது ஒல்லாந்தர் கையில். 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் கடற்படை இதைப் பிடித்தது. ஓகஸ்ட் கடைசியில் அமெரிக்கரின் நண்பர்களான பிரெஞ்சுக்காரர் சஃப்ரன் தலைமையில் வந்து பறித்தார்கள். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படையும் எங்கள் கடலில் மோதின. கோணேசர் மலையடியில் அன்று யாராவது நின்றிருந்தால் பீரங்கிச் சத்தம் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். லெக்சிங்டனில் தொடங்கிய வெடி ஏழு வருடத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. போர் முடிந்ததும் இடம் மறுபடி ஒல்லாந்தரிடம் போனது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வீடு துவக்கு இருந்ததால்தானே அவர்கள் வெள்ளைக்கார அரசை விரட்டினார்கள்?
— வாசகர், நிலாவெளி

பதில்: பாதி சரி, ஐயா. 1775இன் அந்த ஏப்ரல் இரவில் ஆங்கிலத் தளபதி கேஜ் ஏறக்குறைய 700 பேரை அனுப்பியது கொன்கோர்ட் ஊரில் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களையும் மருந்தையும் அழிக்கத்தான். லெக்சிங்டனில் எதிரே நின்றவர்கள் ஏறக்குறைய எண்பது பேர், எட்டுப் பேர் செத்தார்கள். சுற்றுப்புற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குடிப்படை திரண்டு வந்து பட்டாளத்தைப் பொஸ்டன் வரை துரத்தியது. இவ்வளவும் வீட்டுத் துவக்கின் வேலை.

ஆனால் போர் எட்டு வருடம் நடந்தது. குடிப்படையை நம்புவது முறிந்த ஊன்றுகோலில் சாய்வதற்குச் சமம் என்று 1776 செப்டெம்பரில் ஜோர்ஜ் வாஷிங்டனே காங்கிரசுக்கு எழுதினார். அறுவடை வந்தால் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெடிமருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகப் பிரான்சிலிருந்து வந்தது. 1781இல் ஆங்கிலப் படை சரணடைந்த யோர்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை மறித்திருக்காவிட்டால் அந்த வெற்றி இல்லை.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொரு சம்பவம். லெக்சிங்டன் முடிந்து ஒரு வாரம். பொஸ்டன் முற்றுகையில் இருக்கிறது. உள்ளே அகப்பட்ட சனம் வெளியேற வேண்டும். கேஜ் ஒரு பேரம் பேசினார்: ஆயுதங்களை ஊர்ப் பெரியவர்களிடம் கொடுங்கள், குடும்பத்தோடு போகலாம். ஒவ்வொரு துவக்கிலும் உரியவரின் பெயரை எழுதி ஃபானுவில் மண்டபத்தில் வைப்பது, பிறகு திருப்பிக் கொடுப்பது என்று பேச்சு. சனம் நம்பியது. 1,778 நீளத் துவக்கு, 634 கைத்துப்பாக்கி, 973 துவக்குமுனைக் கத்தி, 38 அகலவாய்த் துவக்கு வந்து குவிந்தன. கொடுத்தபிறகு வெளியேறும் அனுமதி இழுபட்டது, பலர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஜூலையில் காங்கிரஸ் வெளியிட்ட பிரகடனத்தில், உரியவர்களுக்காகப் பாதுகாத்து வைத்த ஆயுதங்களைப் படையினர் கைப்பற்றினார்கள் என்று இதையும் ஒரு முறைப்பாடாக எழுதினார்கள். இரண்டாவது திருத்தத்துக்கு வாக்களித்தவர்களில் பலருக்கு இது பதினைந்து வருடம்கூட ஆகாத நினைவு.

இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் எப்போதும் கொஞ்சம் இறங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் உள்ள துவக்கை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அம்மப்பா தன் இடியனுக்கு எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பெயர், ஊர், ‘துவக்கு ஒன்று’, ஒரு கையெழுத்து. நிலைமை சரியானதும் திருப்பித் தருவோம் என்றார்களாம். அந்த மாரிக்கு வயலில் பன்றி விழுந்தது. அம்மப்பா பரணில் தகரத்தோடு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு நாங்கள் ஊரை விட்டு எழும்பியது, திரும்பி வந்தது, மறுபடி எழும்பியது எல்லாம் நடந்தது. அவர் செத்துப் பல வருடம். நான் துவக்கை விரும்புகிற ஆள் இல்லை, என் வீட்டில் ஒன்று இருக்கவும் சம்மதிக்க மாட்டேன். ஆனாலும் அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பிஸ்கட் பேணிக்குள், பிறப்புச் சான்றிதழ்களோடு. மடிப்பில் கிழிந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் வாசிக்கலாம்.